விற்பவனின் சுதந்திரம்

2022 ஜூன் 9ஆம் தேதி தாய்லாந்து அரசு கஞ்சாவைத் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆசியாவில் அந்த அளவுக்குத் துணிந்த முதல் நாடு அதுதான். கஞ்சா வழக்குகளில் சிறையில் கிடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். அதுவரை நல்ல காரியமே. ஆனால், யார் விற்கலாம், யாருக்கு விற்கலாம், பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விற்கலாம் என்று வரையறுக்க வேண்டிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவேயில்லை. தடை போய்விட்டது, அதன் இடத்துக்கு வேறெதுவும் வரவில்லை. பாங்காக்கின் சுற்றுலாத் தெருக்களில் பச்சை இலைப் படம் போட்ட கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மூன்றாண்டுகள் கழித்து, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சா மொட்டு விற்கக் கூடாது என்று அதே நாடு உத்தரவு போட்டது.

இடைப்பட்ட காலத்தில் நடந்தது நமக்கு நேரடியாகத் தெரியும். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் 'உயர் ரகக் கஞ்சா' பிடிபடுவது சென்னை, திருச்சி விமான நிலையங்களில் வாடிக்கையான செய்தியாகிவிட்டது. மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்த்த, போதை அதிகமுள்ள சரக்கு அது. பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் குருவிகள். விமான டிக்கெட்டுக்கும் ஒரு சிறு கூலிக்கும் பெட்டியைச் சுமந்து வந்தவர்கள். பெட்டியை அனுப்பியவரும், அதற்காகக் காத்திருந்தவரும் அந்தச் செய்திகளில் வருவது அரிது.

இந்த விவகாரத்தை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. உத்தராகண்டும் இமாச்சலப் பிரதேசமும் தொழில், மருத்துவத் தேவைகளுக்காகக் கஞ்சா பயிரிடுவதை வருவாய் வழியாகப் பேசத் தொடங்கிவிட்டன. நகரத்துப் படித்த இளைஞர்களிடையே "என் உடம்பு, என் விருப்பம், அரசுக்கு இதில் என்ன வேலை?" என்ற கேள்வி வலுவாக எழுகிறது. கேள்வி நியாயமானது. அதை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் விவாதத்தையே இழந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கேள்வியின் முதுகில் ஏறிக்கொண்டு வேறொருவர் உள்ளே வருகிறார். அவர் வியாபாரி. அவரைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

தனிமனித சுதந்திரத்தைப் பேசுகிற எவரும் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஒருவர் செய்வது பிறருக்குத் தீங்கு தராதவரை அவரைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமையில்லை என்பது 1859இல் வெளியான 'சுதந்திரம் பற்றி' என்ற அவருடைய நூலின் அடிப்படை. போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கக் கோரும் வாதங்கள் பலவும் அந்த ஊற்றிலிருந்து கிளம்புகின்றன. அதே நூலின் கடைசி அத்தியாயத்தில் மில் அபினியையும் தொடுகிறார். சீனாவுக்குள் அபினி வருவதைத் தடுப்பது தவறு. அது விற்பவனின் சுதந்திரத்தைவிட வாங்குபவனின் சுதந்திரத்தைத்தான் பறிக்கிறது என்பது அவர் கருத்து.

அதை எழுதியவர் யாரிடம் வேலை பார்த்தார்? 1823இல் பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சேர்ந்த மில், 1858இல் கம்பெனியின் ஆட்சி முடியும்வரை அங்கேதான் இருந்தார். அந்தக் கம்பெனி வங்காளத்தில் அபினிக்கு ஏகபோக உரிமை வைத்திருந்தது. பாட்னா, பனாரஸ் வட்டாரங்களில் குடியானவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிட வைத்தது. காஸிப்பூர் தொழிற்சாலையில் அபினியை உருண்டை பிடித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்தவர்கள் சீனக் கடற்கரைக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். கம்பெனியின் கை கறைபடவில்லை; கஜானா நிறைந்தது. 1839இல் லின் ட்சே-ஷூ என்ற சீன அதிகாரி இருபதாயிரம் பெட்டிகளுக்கு மேல் அபினியைப் பறிமுதல் செய்து அழித்தபோது, பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஹாங்காங் கைமாறியது. இரண்டாவது போரின் நடுவே, 1858இல், அபினி இறக்குமதி சீனாவில் சட்டபூர்வமானது. மில்லின் நூல் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது.

மில்லைக் கயவராகக் காட்டுவது இங்கே நோக்கமில்லை. அவர் மெய்யாகவே நம்பி எழுதினார் என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால் வாங்குபவனின் சுதந்திரம் என்ற கொடியின் கீழ் எவ்வளவு பெரிய கப்பல் வந்து நிற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாறு இல்லை. கான்டன் துறைமுகத்தில் புகைக்குழாயோடு கிடந்த கூலியாளுக்கு அந்தச் சுதந்திரத்தில் என்ன பங்கு கிடைத்தது? பிகாரில் உணவுப் பயிர் விதைக்க வேண்டிய நிலத்தில் கசகசா விதைத்தவருக்கு என்ன கிடைத்தது?

மில்லின் நூலில் வேறு இரண்டு கருத்துகளும் இருக்கின்றன. அவரை மேற்கோள் காட்டுபவர்கள் அவற்றை அநேகமாகத் தொடுவதில்லை. ஒன்று: மது விற்பவர்களுக்குக் குடியை வளர்ப்பதில் ஆதாயம் இருக்கிறது, அது உண்மையான தீமை, ஆகவே அவர்கள்மீது கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு நியாயம் உண்டு என்கிறார். மற்றது: ஒரு மனிதன் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் சுதந்திரத்தின் பெயரால் ஏற்க முடியாது என்கிறார். தன் சுதந்திரத்தையே கைவிடும் சுதந்திரம் என்று ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். ஹெராயின் ஊசிக்கோ மெத்தாம்ஃபெட்டமின் (மெத்) படிகத்துக்கோ அடிமையான ஒருவரின் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது வாதத்துக்கு விளக்கம் தேவைப்படாது. முதல் முறை இழுத்தது அவர் விருப்பம். ஆயிரமாவது முறை, அம்மாவின் தாலிக்கொடியை அடகுவைத்துவிட்டு இழுப்பது யாருடைய விருப்பம்? முதல் முறை நடந்தபோது அவருக்குப் பதினைந்து வயது என்றால், அந்த விருப்பத்தையும் விருப்பம் என்று எப்படிச் சொல்வது? சிறுவர்களுக்குத் தன் கொள்கை பொருந்தாது என்று மில்லே எழுதி வைத்திருக்கிறார்.

விற்பவரைத் தனியே பிரித்துப் பார்க்கப் பழைய அபினிக் கதை வரைக்கும் போக வேண்டியதில்லை. 1996இல் அமெரிக்காவில் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற வலிமாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சட்டபூர்வமான மருந்து, மருத்துவர் எழுதித் தருவது, மருந்துக்கடையில் கிடைப்பது. அதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். 2007இலும் 2020இலும் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடையில் மாத்திரையில் தொடங்கியவர்கள் ஹெராயினுக்கும், பிறகு அதைவிட வீரியம் மிக்க ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021 முதல் மூன்றாண்டுகள் அமெரிக்காவில் அளவு மீறிய போதையால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சட்டம் அனுமதித்தால் தரம் இருக்கும், தரம் இருந்தால் சாவு குறையும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு மாத்திரையின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்வோம். போதைப்பொருளைப் பயன்படுத்துபவரைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பலாமா? இது ஒன்று. போதைப்பொருளை விற்பதை ஒரு தொழிலாக அனுமதிக்கலாமா? இது வேறு. நம் தொலைக்காட்சி விவாதங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதல் கேள்விக்கு 'கூடாது' என்பவர் இரண்டாவதற்கு 'ஆகட்டும்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பதுபோல இரண்டே அணிகள் நிற்கின்றன. நம் நிலைப்பாடு: பயன்படுத்துபவருக்குச் சிறை வேண்டாம், விற்பவருக்குக் கடை வேண்டாம்.

போர்ச்சுகல் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. தொண்ணூறுகளின் இறுதியில் சுமார் ஒரு கோடி மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஹெராயினுக்கு ஆளாகியிருந்த நாடு அது. 2001 ஜூலை முதல், பத்து நாள் தேவைக்கு மேற்படாத அளவு வைத்திருப்பது அங்கே குற்றமில்லை என்றானது. பிடிபடுபவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், உளவியல், சமூகப்பணி தெரிந்தவர்கள் அடங்கிய சிறு குழுவின் முன் உட்கார்ந்து பேச வேண்டும். சிகிச்சைக்கு வழி அங்கேயே திறந்திருக்கும். விற்பது மட்டும் அன்றும் குற்றம், இன்றும் குற்றம். ஊசி வழியாகப் பரவிய எச்.ஐ.வி. தொற்று அங்கே பெருமளவு குறைந்தது. "போர்ச்சுகல் போதையைச் சட்டபூர்வமாக்கி வென்றது" என்று பேசுகிறவர்கள் அந்த நாட்டின் சட்டத்தைப் படிக்கவில்லை. அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தது ஆள்பலம், பணம், பொறுமை. நிதி நெருக்கடிக்குப் பிறகு சிகிச்சை அமைப்பைச் சிதறவிட்டபோது அங்கும் தெருக்களில் ஊசிகள் மறுபடி தென்படத் தொடங்கின.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் போர்ச்சுகலைப் பார்த்துத்தான் கிளம்பியது. ஆனால் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 2020 நவம்பரில் சுமார் 58 சதவீத வாக்குகளோடு '110ஆம் தீர்மானம்' நிறைவேறியது. 2021 பிப்ரவரி முதல், ஒரு கிராம் ஹெராயின், இரண்டு கிராம் மெத் போன்ற சிறு அளவுகளுக்கு 100 டாலர் அபராதச் சீட்டு மட்டுமே. சீட்டிலுள்ள எண்ணைத் தொலைபேசியில் அழைத்து உடல்நலப் பரிசோதனைக்கு இசைந்தால் அபராதமும் ரத்து. சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அபராதமும் கட்டவில்லை, தொலைபேசியிலும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் எங்கே அனுப்பியிருப்பார்கள்? அமெரிக்க மாநிலங்களிலேயே சிகிச்சை வசதியில் மிகவும் பின்தங்கியிருந்தவற்றில் ஒன்று ஓரிகன். கஞ்சா வரியிலிருந்து சிகிச்சைக்கு ஒதுக்கிய கோடிக்கணக்கான டாலர்கள், சட்டம் அமலாகி ஒன்றரை ஆண்டுக்குப் பிறகுதான் பெருமளவில் மையங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அதே சமயத்தில் மேற்குக் கடற்கரையில் ஃபென்டனில் வந்து இறங்கியது. சாவுகள் கூடின. அந்தச் சாவுகளுக்கு இந்தச் சட்டம் காரணமா, ஃபென்டனில் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஃபென்டனிலைக் கணக்கில் எடுத்தால் சட்டத்துக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஆனால் போர்ட்லண்ட் நகரத்து நடைபாதைகளில் வெளிப்படையாகப் புகைப்பதைப் பார்த்த மக்கள் ஆய்வறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் சிறு அளவு வைத்திருப்பது மீண்டும் குற்றமானது.

ஓரிகன் சொல்வது என்ன? சுதந்திரத்தை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். பொறுப்பை அப்படிக் கொடுக்க முடியாது. அதற்குப் படுக்கை வேண்டும், செவிலியர் வேண்டும், நடுக்கம் எடுக்கும் இரவுகளில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். பொறுப்பு என்றதும் போதைக்கு ஆளானவரின் பொறுப்பை மட்டுமே நினைக்கிறோம். அவருக்குப் பொறுப்பு உண்டுதான். மருந்து எடுத்துக்கொள்வதும், மறுபடி விழுந்தால் மறுபடி எழுவதும் அவர் செய்ய வேண்டியவை. வண்டி ஓட்டி ஒருவரை இடித்தால், வீட்டில் கைநீட்டினால், போதையைச் சாக்காகச் சொல்லித் தப்பவும் முடியாது. ஆனால் எழ முயல்பவருக்குப் பிடிமானம் கொடுக்காத அரசு அவரிடம் பொறுப்பைப் பற்றிப் பேச அருகதையற்றது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்தப் பக்கத்தில் இறந்தவர்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல், தொடையில் கட்டிய பொட்டலத்தோடு சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டார். 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் எண் 69 என்று வழக்கில் பதிவானது. 2022 ஏப்ரல் 27 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையாவைத் தூக்கிலிட்டார்கள். சுமார் ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்களைக் கொண்டு அவரைச் சரக்கோடு இணைத்தார்கள். அவர் தூக்கில் தொங்கிய நாளில், விமானத்தில் இரண்டரை மணி நேரத் தொலைவிலுள்ள பாங்காக்கில் அதே செடி கண்ணாடிப் புட்டிகளில் விற்பனைக்கு இருந்தது. ஓர் ஏழைத் தமிழனின் கழுத்தை இறுக்கினால் ஹெராயின் சந்தை அடங்கிவிடும் என்று நினைக்கும் சட்டமும், கடையைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் சட்டமும் ஒரே ஆளைத் தப்பவிடுகின்றன. அவர் சரக்கின் முதலாளி.

நம் நாட்டில் என்ன நிலை? 1893–94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் நாடு முழுவதும் விசாரித்து, முழுத் தடை தேவையில்லை என்று சொன்னது. அதன்பின் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் நாட்டின் பல பகுதிகளில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்றது. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 23 அன்று மசோதா அறிமுகம், செப்டம்பர் 16 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல், நவம்பர் 14 முதல் அமல். சில வாரங்களில் முடித்த இந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, பயன்படுத்துவதையே குற்றமாக்குகிறது: ஹெராயின், கொக்கெய்ன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை, மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை. பெரிய அளவு வழக்குகளில் 37ஆவது பிரிவு ஜாமீனை ஏறக்குறைய இல்லாமலாக்குகிறது. குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பாடு. 2004இல் சென்னையில் கைதான தோஃபான் சிங்கின் வழக்கில்தான், அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளில் அப்படிப்பட்ட வாக்குமூலங்களால் சிறையில் கழிந்த இளமைகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்று பையன்கள் வலிமாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். இதில் ஆந்திர, ஒடிசா மலைகளிலிருந்து வரும் கஞ்சாப் பொட்டலத்தின் பங்கே இல்லை. மருந்துக் கம்பெனியில் தயாரானது, கூரியரில் வருவது, சீட்டில்லாமல் கைமாறுவது. விற்பவருக்கு முகம் இல்லை. வாங்கியவனின் கையில் மட்டும் ஊசித் தழும்பு இருக்கிறது, காவலர் கண்ணில் படுவதும் அந்தத் தழும்புதான். 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, நாட்டில் 16 கோடிப் பேர் குடிப்பதாகவும், மூன்று கோடிக்கு மேற்பட்டோர் கஞ்சாவோ பங்கோ பயன்படுத்துவதாகவும், சுமார் இரண்டேகால் கோடிப் பேர் ஓபியாய்டு எனப்படும் அபினி வகைப் போதைகளைப் பயன்படுத்துவதாகவும் சொன்னது. சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் இருபது பேரில் ஒருவருக்குத்தான் எந்த உதவியாவது கிடைத்திருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கு.

அந்த இரண்டாவது விகிதத்தைக் கவனியுங்கள். மது சட்டபூர்வமானது. அதைக் குடிப்பவரை யாரும் சிறைக்கு அனுப்புவதில்லை. அப்படியானால் சிகிச்சைக்கு வருவது எளிதாக இருக்க வேண்டும். மாறாக, நிலைமை இன்னும் மோசம். சட்டபூர்வமாக்கினால் வெட்கம் விலகும், நோயாளி மருத்துவரிடம் வருவார் என்ற வாதம் இங்கே உடைகிறது.

சட்டபூர்வமான போதை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத் தமிழர்கள் தாய்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1971இல் மதுவிலக்கு நீங்கியது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி நீங்கியது. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. விற்பனை வரி போகவில்லை, மதுவும் போகவில்லை. 2023–24இல் மது வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மில் சொன்ன அந்தத் தீமை, அதாவது குடியை வளர்ப்பதில் விற்பவருக்கு இருக்கும் ஆதாயம், இங்கே அரசின் வரவுசெலவுத் திட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கட்சி மாறினாலும் அது எழுந்து போகவில்லை.

மதுவிலக்கைச் சுதந்திரத்தின் பெயரால் எதிர்த்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. பெரியார் அவர்களில் ஒருவர். கள்ளுக்கடை மறியல் காலத்தில் தன் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர், பிற்காலத்தில் அரசு சட்டம் போட்டுக் குடியைத் தடுப்பதை ஏற்கவில்லை. அது நேர்மையான நிலைப்பாடு. தன் மரத்தைத் தான் வெட்டுவது வேறு, அடுத்தவன் குவளையை அரசு தட்டிவிடுவது வேறு. ஆனால் அரசே குவளையை நிரப்பிக்கொடுத்து, மாலையில் எவ்வளவு விற்றது என்று கணக்குப் பார்க்கும் ஏற்பாட்டுக்கு அந்த வாதத்தில் இடமில்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்றச் சொன்னபோது நடந்தது நினைவிருக்கும். அகற்றிய கடைகளில் பல ஊருக்குள் வந்தன. பெண்கள் துடைப்பத்தோடும் குழந்தைகளோடும் சாலையில் உட்கார்ந்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிப் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் மதுக்கடையை மூடக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் இறந்தார். குடிப்பவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இவர்களுடைய சுதந்திரத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? தன் தெருவில் கடை வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம், வாரக்கூலி வீடு வந்து சேரும் சுதந்திரம், இரவில் பயமின்றிக் கதவைத் திறக்கும் சுதந்திரம் — தனிமனித உரிமையைப் பற்றிய புத்தகங்களில் இவற்றுக்கு அத்தியாயம் ஒதுக்கப்படவில்லை. ஒருவரின் போதை அவரோடு நின்றுவிடும் என்பது தனி அறையும் தனி வருமானமும் உள்ளவர்களின் உலகத்தில் உண்மையாக இருக்கலாம். ஒற்றை அறை வீட்டில், ஒரே சம்பளத்தில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தில் அப்படி ஒரு தனிமையே கிடையாது.

சட்டபூர்வமாக்கினால் கள்ளச்சந்தை ஒழியும் என்ற வாதத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இதே சாவு. மாநிலமெங்கும் அரசுக் கடைகள் திறந்திருந்தபோதுதான் இவை நடந்தன. கடையில் குவார்ட்டர் வாங்கக் காசு போதாதவருக்குப் பாக்கெட் சாராயம் காத்திருந்தது. சட்டபூர்வச் சந்தை கள்ளச்சந்தையை விழுங்கவில்லை. விலை ஏணியின் மேல்படியில் ஒன்றும் கீழ்ப்படியில் மற்றொன்றுமாக நின்றன. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கலிஃபோர்னியாவிலும் உரிமம் இல்லாத வியாபாரம் செழிப்பாகவே நடக்கிறது.

இந்தப் பாடங்களுக்குப் பிறகும் இன்னொரு போதைக்குக் கடை திறக்க யாராவது திட்டம் கொண்டுவந்தால், அது முதலில் மருத்துவம் என்றும் விவசாயி நலன் என்றும் வரும், பிறகு சுற்றுலா என்றும் வரி என்றும் வளரும். மருந்துக்காகவும் நாருக்காகவும் பயிரிடுவதை நாம் எதிர்க்கவில்லை. வலியில் துடிக்கும் புற்றுநோயாளிக்கு மார்ஃபின்கூட எளிதில் கிடைக்காத நாடு இது. ஆனால் வருவாய்க் கணிப்போடு வரும் எந்தப் போதைக் கொள்கையையும் சட்டமன்றங்கள் வாசலிலேயே நிறுத்த வேண்டும். ஒரு ரூபாய் வருவாயை எதிர்பார்க்கத் தொடங்கிய அரசு அடுத்த ஆண்டு இரண்டு ரூபாயை எதிர்பார்க்கும்.

நாடாளுமன்றம் 27ஆவது பிரிவைத் திருத்தி, சொந்தப் பயன்பாட்டைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முன், ஒவ்வொரு வட்டத் தலைமை மருத்துவமனையிலும் போதை நோயாளிகளுக்கென்று படுக்கைகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் ஓரிகன்தான் மிஞ்சும். உரிமம் இல்லாமல் ஆட்களை அடைத்துவைத்து அடிக்கும் 'மறுவாழ்வு' மையங்களை மூட வேண்டும். போதைக்குத் திருப்பிவிடப்படும் வலிமாத்திரைகள் தொழிற்சாலையிலிருந்து கடைவரை எந்தக் கை வழியாகப் போயின என்று தொகுதி எண் வாரியாகத் தேட வேண்டும்; இவ்வளவு காலம் குருவியைத் தேடிய உழைப்பில் ஒரு பகுதியை அதில் போட்டாலே முதலாளிகளின் முகம் தெரியும்.

சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. சிறு அளவோடு பிடிபட்ட ஒருவர் போதைக்கு அடிமையானவர் என்றால், அவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவர்மீது வழக்கு நடத்த முடியாது. இந்தப் பிரிவு இருப்பது பிடிபடும் பையனுக்குத் தெரியாது, அவன் அம்மாவுக்குத் தெரியாது, பல காவல் நிலையங்களில் பேசப்படுவதும் இல்லை. சிறு அளவு வழக்கில் கைதாகும் ஒவ்வொருவருக்கும் இந்த உரிமையைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும், முதல் நாளே அரசு மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்று காவல் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதை அனுப்பத் தமிழ்நாடு அரசுக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. இந்த மாதமே அனுப்ப வேண்டும்.